சின்ன பெல்லட் கிரில்: ஆட்டுத் தொடைக்குச் சரி, சாத்தேக்கு வேண்டாம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டுப் பின்புறம் ரப்பர் விறகில் சுட்டுப் பழகிய எனக்கு இந்த பெல்லட் கிரில் சோம்பேறி அடுப்புதான். மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட்டைத் தொட்டியில் கொட்டி 110 டிகிரி செல்சியஸ் வைத்தால், திருகுதண்டு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீக்குள் தள்ளுகிறது. மின்விசிறி தீயைப் பார்த்துக்கொள்கிறது. மஞ்சள், மிளகு, சோம்பு தடவிய ஆட்டுத் தொடையைப் பாதி வெந்ததும் ஃபாயிலில் சுற்றி வைத்தேன். கறி எலும்பிலிருந்து தானாகக் கழன்றது, புகை வாசம் மசாலாவை அமுக்கவில்லை. என் மாமியாரே இன்னொரு துண்டு கேட்டார் என்றால் பாருங்கள்.

குச்சியில் கோத்துச் சுடும் சாத்தேக்கு லாயக்கில்லை. நேரடித் தணல் இல்லாததால் ஓரம் கருகாது. கரண்ட் போனால் அடுப்பும் போச்சு. அப்புறம், நம் ஊர் ஈரத்தில் பெல்லட் ஊதி உதிர்ந்து தண்டை அடைத்துவிடும். இறுக்கமாக மூடும் வாளியில் வையுங்கள். வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் வோல்ட்டைப் பாருங்கள்: நமக்கு 230–240, அமெரிக்க மாடல்களுக்கு 120.