பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு சாயாக்கடை: பத்து மணிக்கு முன்னால் போங்க

கன்னியாகுமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறை அணையைத் தாண்டி கோதையாறு ரோட்டில் போகிறவர்கள் இந்தக் கடையைக் கவனிக்காமலே போய்விடுவார்கள். போர்டு கிடையாது. தகரக் கூரை, வாசலில் ஒரு மட்டி வாழைக்குலை தொங்கும், அதுதான் அடையாளம்.

நாங்கள் போனது மரச்சீனிக் கிழங்குக்கும் (மரவள்ளிதான்) காந்தாரி மிளகாய்ச் சம்மந்திக்கும், அதாவது துவையலுக்கும். கிழங்கு நன்றாக வெந்து மாவாகப் பூத்திருந்தது, விரலால் லேசாக அமுக்கினால் பிளந்து நடுநரம்பு தனியாக வந்துவிடுகிறது. சம்மந்தி அம்மியில் அரைத்தது. கோதையாற்றில் 60 மெகாவாட்டும் 40 மெகாவாட்டுமாக ரெண்டு பவர் ஹவுஸ் இருக்கு, இங்க ஒரு மிக்ஸி இல்லையா என்று மச்சான் கேலி பண்ணினான். "இருந்தது மக்ளே, அதுல அரச்சா உள்ளி கசக்கும்" என்றார் கடைக்கார அக்கா. காந்தாரியும் சின்ன உள்ளியும் கல்லுப்பும் அரைந்தும் அரையாமலும், மேலே பச்சைத் தேங்காய் எண்ணெய். ரெண்டாவது வாயிலேயே காது சூடாகிவிட்டது.

சாளை மீன்கறி சுமார், உப்பு ஜாஸ்தி. சாயா பரவாயில்லை.

ரப்பர் வெட்டுக்காரர்கள் பால் எடுத்து முடித்து வரும்போது கடை நிறைந்துவிடும், அதற்குப் பிறகு போனால் புட்டும் இருக்காது கிழங்கும் இருக்காது. மழை பெய்தால் வெட்டு இல்லை, அன்றைக்குக் குறைவாகத்தான் அவிப்பார்கள்.

உண்மையில் இது பாதி சாயாக்கடை, பாதி தபாலாபீஸ். இந்த மலையில் நாலு வீடு, அப்புறம் கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர், அப்புறம் காடு, மறுபடியும் நாலு வீடு. மோதிரமலை, குற்றியாறு, தச்சமலை, தோட்டமலை என்று காணிக்காரப் பழங்குடிகளின் குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன, சில இடங்களுக்கு அணைத் தண்ணீரைப் படகில் தாண்டித்தான் போகணும். அதனால் எங்கள் பெஞ்சுக்கு அடியில் ஒரு மூட்டை நல்லமிளகு, ஒரு மருந்துக் கவர், கால் கட்டிய ரெண்டு கோழி, எல்லாம் யாருக்கோ காத்துக்கொண்டிருந்தன. கோழி மச்சானின் செருப்பைக் கொத்தியது. பக்கத்துப் பெஞ்சில் ஒரு பாட்டா 48 அடி அணையில் இன்றைக்கு எத்தனை அடி தண்ணீர் என்று வருகிற எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார், 1906இல் அணை கட்டி முடித்ததே அவர்தான் என்கிற தோரணையில்.

ரெண்டு பேருக்கு 140 ரூபாய். டவர் கிடைக்காது, ஜிபே நினைப்பே வேண்டாம், சில்லறை கொண்டு போங்க. கை கழுவ வாளித் தண்ணீர்தான்.

கிளம்பும்போது வாசலில் தொங்கிய மட்டியில் ஒரு சீப்பு கேட்டேன், 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழமாச்சே. அக்கா தரவில்லை. தச்சமலையில் ஒரு கைப்பிள்ளைக்கு முதல் பழம் கொடுக்கணுமாம், அதுக்குச் சொல்லி வைத்த குலை, சாயங்காலம் ஆள் வந்து எடுத்துப் போகும் என்றார். அதனால் மட்டிக்கு மட்டும் மார்க் போடவில்லை.