வீட்டுக்கு ஒரு சிறிய வால்வு ஆம்ப்: நான்கில் ஏன் வாக்ஸ் ஏசி4

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்துகொண்டு கிட்டார் வாசிக்கும் ஒருவர் சிறிய வால்வு ஆம்ப்ளிஃபையர் (வெற்றிடக் கண்ணாடிக் குழாய்களால் ஒலியைப் பெருக்குவது) வாங்கக் கிளம்பினால், சுற்றிச் சுற்றி நான்கு பெயர்களில்தான் வந்து நிற்பார்: வாக்ஸ் ஏசி4, பிளாக்ஸ்டார் எச்டி-5ஆர், பியுகேரா வி5, ஃபெண்டர் சாம்ப். சென்னையில் இருக்கும் நான் இவற்றுள் 12 அங்குல ஸ்பீக்கர் கொண்ட ஏசி4-ஐ வாங்கினேன். ஆகவே இந்த அலசல் அதன் பக்கம் சாய்ந்தே இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வால்வே வேண்டாம், கணினிச் சில்லு வழியாகப் பல ஒலிகளைத் தரும் ஆம்ப் போதும் என்பவர்களுக்கு அந்த வகையில் நல்லவை நிறையக் கிடைக்கின்றன. அவர்கள் இதைப் படித்து நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

முதலில் வாட் கணக்கை முடித்துவிடலாம். ஏசி4-இன் திறன் 4 வாட், மற்ற மூன்றும் 5 வாட். இந்த ஒரு வாட் வேறுபாடு ஏறத்தாழ 1 டெசிபல்தான். காதுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஒரு வாட்டுக்கு 97 டெசிபல் தரும் சாதாரண 12 அங்குல ஸ்பீக்கரில் 4 வாட் முழுதாக இறங்கினால், ஒரு மீட்டர் தொலைவில் 103 டெசிபல் வரும். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்ட அதில் பாதி சத்தமே போதும். திறனைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் 10 டெசிபல் இறங்கும். நம் காதுக்கு அது சத்தம் பாதியாகக் குறைந்ததுபோலக் கேட்கும். எனவே 5 வாட் வீட்டுக்குச் சரியான அளவு, 15 வாட் அதிகம் என்று வழக்கமாகச் சொல்லப்படுவது முழு உண்மை அல்ல. ஒரு வால்வு ஆம்ப்பை அதன் எல்லைவரை திருகி, அந்த இயல்பான உறுமலை வீட்டுச் சத்தத்தில் கேட்க வேண்டுமென்றால் ஒரு வாட்டுக்கும் வெகு கீழே போக வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் பியுகேரா வி5 தெளிவாக முன்னே நிற்கிறது: அதன் சுவிட்ச் 5, 1, 0.1 வாட் என மூன்று நிலைகளைக் கொண்டது. பிளாக்ஸ்டாரின் இரண்டாம் பதிப்பில் அரை வாட் நிலை உண்டு. நான் வாங்கிய ஏசி4-இல் அப்படி எதுவுமே இல்லை.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அதை எழுத்தில் விளக்குவதைவிடக் கடையில் பத்து நிமிடம் வாசித்துப் பார்ப்பது மேல். ஏசி4-இல் ஸ்பீக்கரை ஓட்டும் கடைசிக் கட்டத்தில் ஒரே ஓர் இ.எல்.84 வால்வு இருக்கிறது; புகழ்பெற்ற ஏசி30-இல் அதே வால்வு நான்கு. மேல்சுரங்கள் பளிச்சென்று ஒலிக்கும். கார்டு (பல சுரங்கள் ஒருசேர) வாசிக்கும்போது ஒவ்வொரு தந்தியும் தனித்துக் கேட்கும். வி5-இலும் அதே இ.எல்.84-தான். ஆனால் அதன் 8 அங்குல ஸ்பீக்கரில் கீழ்ச்சுரங்கள் மெலிந்துவிடுகின்றன. எச்டி-5ஆர் இரண்டு சேனல்களும் ரிவெர்பும் (எதிரொலி போன்ற விளைவு) கொண்டது. கனமான டிஸ்டார்ஷன் விரும்புபவருக்கு இந்த நான்கில் அதுவே பொருத்தம். சாம்ப் என்பது தனி மரபு. 1950களின் அந்தச் சுற்றில் ஒரே ஒரு வால்யூம் குமிழ்தான் உண்டு, டோன் குமிழ்கூடக் கிடையாது. 1970இல் மயாமியின் கிரைட்டீரியா ஸ்டூடியோவில் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் இத்தகைய சிறிய ஆம்ப்களை வைத்துப் பதிவு செய்தார் என்பதால், சிறிய ஆம்ப் பெரிய ஒலி தரும் என்பதற்கு இன்றுவரை எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது அதுதான். இப்போது வரும் மறுபதிப்பு கையால் வயரிங் செய்யப்பட்டது; விலையும் அதற்கேற்ப உயரத்தில் இருப்பதால் என் பட்டியலில் அது நீண்ட நேரம் தங்கவில்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. கடைக்காரர்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. வாரண்டி தீர்ந்த மறுநாளிலிருந்து இதைத் தவிர வேறு எதுவும் பெரிதாகத் தெரிவதும் இல்லை. டிரான்சிஸ்டர் ஆம்ப் ஒன்று பதினைந்து ஆண்டுகள் யாரும் தொடாமலே ஓடலாம். வால்வு ஆம்ப் அப்படி அல்ல. அதில் தேய்ந்துபோவதற்கென்றே ஒரு பாகம் இருக்கிறது. அந்தப் பாகம் எளிதாகக் கிடைக்குமா, அதை மாற்றியபின் வேறு ஏதேனும் சரிசெய்ய வேண்டுமா, பழுது வந்தால் நம் ஊரில் பார்க்க ஆள் உண்டா என்ற மூன்று கேள்விகளையும் வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

முதல் கேள்விக்கு இ.எல்.84, முன்கட்டத்தில் வரும் சிறிய வால்வான 12ஏஎக்ஸ்7 என்ற இரண்டும் நல்ல விடைகள். உலகில் கிட்டார் ஆம்ப்களுக்கான வால்வுகள் இன்று முக்கியமாக ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய மூன்று நாடுகளின் தொழிற்சாலைகளிலிருந்தே வருகின்றன. 2022 மார்ச்சில் ரஷ்யாவிலிருந்து ஏற்றுமதி நின்றபோது உலகெங்கும் வால்வு விலை ஏறியதும், பல கடைகளில் இருப்பே இல்லாமல் போனதும் பலருக்கு நினைவிருக்கும். அத்தகைய நேரத்தில் பலர் தயாரிக்கும் வால்வைப் பயன்படுத்தும் ஆம்ப்பே பாதுகாப்பு. எச்டி-5ஆரின் கடைசிக் கட்டத்தில் இருப்பது 12பிஎச்7. அது தரமான வால்வுதான். ஆனால் அதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. இ.எல்.84-க்கு நம் நாட்டில் இன்னொரு வசதியும் உண்டு. வால்வு ரேடியோக் காலத்தில் ஸ்பீக்கரை ஓட்டிய வால்வு பல செட்டுகளில் இதுவேதான். பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஒரு காலத்தில் இதைத் தயாரித்தது. அந்தப் பழைய சரக்கு பெட்டி பிரிக்காமல் இப்போதும் எப்போதாவது கண்ணில் படுகிறது. ஆனால் பழையது என்பதற்காகவே ஐந்து மடங்கு விலை சொல்பவர்களிடம் வாங்க வேண்டாம். புதிய ஸ்லோவாக்கிய வால்வு அந்த வேலையைக் குறையின்றிச் செய்யும்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஏசி4, வி5, சாம்ப் மூன்றிலும் கடைசிக் கட்டத்தில் ஒற்றை வால்வே இருக்கிறது. அதன் கேத்தோடில் (எதிர்மின்முனையில்) உள்ள ஒரு ரெசிஸ்டரே மின்னோட்டத்தைத் தானாக ஒரு நிலையில் நிறுத்திவிடுகிறது. புதிய வால்வு சற்றுக் கூடுதலாக மின்னோட்டத்தை இழுத்தால் கேத்தோடின் மின்னழுத்தம் உயரும். உயர்ந்த அந்த மின்னழுத்தமே வால்வை மட்டுப்படுத்திவிடும். எனவே பெரிய ஆம்ப்கள் பலவற்றைப்போல ஜோடி பார்த்து வாங்கவோ, பயஸ் (வால்வின் ஓய்வுநிலை மின்னோட்டம்) திருகவோ தேவையில்லை. பழையதைக் கழற்றிப் புதியதைச் செருகினால் போதும். இயல்பாக ஓடுகிறதா என்பதைச் சோதிக்க ஒரு மல்டிமீட்டரே போதுமானது. எடுத்துக்காட்டாக, பழைய சாம்ப் சுற்றில் அந்த ரெசிஸ்டர் 470 ஓம். அதன் குறுக்கே 19 வோல்ட் காட்டினால் ஏறத்தாழ 40 மில்லிஆம்பியர் ஓடுகிறது என்று பொருள். அந்தச் சுற்றுக்கு அது இயல்பு. இந்த அளவீட்டை எடுப்பவர் ஒன்றை மறக்கக் கூடாது: பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே இருக்கும் பெரிய கண்டன்சர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். பழக்கமில்லாதவர்கள் வால்வு மாற்றுவதோடு நிறுத்திக்கொண்டு, சேசிஸை (உள்ளே சுற்று இருக்கும் உலோகப் பெட்டியை) திறக்கும் வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டும்.

வால்வு மாற்றுவது உண்மையில் எவ்வளவு எளிது என்பதைச் சொல்கிறேன். ஆம்ப்பை அணைத்து, கண்ணாடி ஆறும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு பின்பலகையைக் கழற்றி, வால்வைச் செங்குத்தாகப் பிடித்து மிக இலேசாக அசைத்து வெளியே இழுக்க வேண்டும். அடியில் ஒன்பது மெல்லிய ஊசிகள் வட்டமாக நிற்கும். ஓரிடத்தில் மட்டும் இடைவெளி பெரிதாக இருப்பதால் தவறாகச் செருக வழியே இல்லை. ஊசி வளைந்திருந்தால் அழுத்திச் செருகாமல், முதலில் நிமிர்த்திக்கொள்ள வேண்டும். கண்ணாடியின் உச்சியில் வெள்ளிப் பூச்சு பளபளவென்று இருந்தால் உள்ளே வெற்றிடம் சரியாக இருக்கிறது; அது பாலைப்போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு தேறாது. ஓடும்போது நடுவில் உள்ள சாம்பல் நிறத் தகடு செந்நிறமாகக் காய்ந்தால் உடனே அணைத்துவிட வேண்டும். அது வால்வின் கோளாறாகவும் இருக்கலாம், அதற்கு முன்னால் உள்ள ஒரு கண்டன்சர் ஒழுகுவதாகவும் இருக்கலாம்.

ஒற்றை வால்வு ஆம்ப்பின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் அந்த இ.எல்.84 முழு வேகத்தில் உழைத்துக்கொண்டேதான் இருக்கும். தேநீர் குடிக்கப் போகும்போது ஆம்ப்பை ஓடவிட்டால் வால்வின் ஆயுள்தான் வீணாகும். இரண்டு முக்கோடுகள் (டிரையோடு எனப்படும் பெருக்கிப் பகுதிகள்) எதிரெதிராக இயங்கும் எச்டி-5ஆரில் மின்வழங்கலின் இரைச்சல் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்கிறது. ஒற்றை வால்வில் அந்த வசதி இல்லாததால் ஏசி4 அமைதியான இரவில் மெலிதாக உறுமிக்கொண்டே இருக்கும். எனக்கு அது பழகிவிட்டது. எல்லோருக்கும் பழகும் என்று சொல்ல மாட்டேன்.

மூன்றாவது கேள்விதான் பிளாக்ஸ்டாரை என் பட்டியலிலிருந்து நீக்கியது. இந்த விலையில் வருபவை எல்லாமே போர்டில் அச்சிட்ட சுற்றுகள்தான், ஏசி4-உம் விதிவிலக்கல்ல. ஆனால் போர்டில் என்ன இருக்கிறது என்பதில் வேறுபாடு உண்டு. ஏசி4-இல் ஒரே சேனல், நான்கு குமிழ்கள், மூன்று வால்வுகள். பழைய ரேடியோ பார்த்துப் பழகிய ஒரு மெக்கானிக் சர்க்யூட் படத்தைப் பார்த்த சிறிது நேரத்திலேயே எங்கே கை வைக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். எச்டி-5ஆரிலோ சேனல் மாற்றும் பகுதி, ரிவெர்ப், ஸ்பீக்கர் ஒலியைப் போலச் செய்து தரும் வெளியீடு, புதிய பதிப்பில் யுஎஸ்பி எனப் பலவும் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று பழுதானால் நிறுவனத்தின் சர்வீஸ் வழியே தவிர வேறு வழி கடினம். அந்த ஆம்ப்பை நான் நண்பர் வீட்டில் வாசித்ததோடு சரி. நீண்ட நாள் வைத்திருந்து பழகியதில்லை. ஆகவே அது அடிக்கடி பழுதாகும் என்று நான் சொல்லவில்லை, பழுதானால் என்ன செய்வது என்பதையே சொல்கிறேன்.

நம் வீட்டு மின்சாரமும் இந்தக் கணக்கில் சேரும். 230 வோல்ட்டுக்குச் செய்த ஆம்ப்புக்கு 250 வோல்ட் வந்தால், 6.3 வோல்ட்டில் இருக்க வேண்டிய ஹீட்டர் 6.85 வோல்ட்டுக்குப் போகும். அது பொறுக்கக்கூடிய எல்லையின் விளிம்பு. உங்கள் பகுதியில் அதைவிட ஏறினால் ஒரு நல்ல ஸ்டெபிலைசர் அவசியம். மின்வெட்டின்போது சதுர அலை இன்வெர்ட்டரில் வால்வு ஆம்ப்பை ஓட்ட வேண்டாம்: டிரான்ஸ்ஃபார்மர் முனகும், உயர் மின்னழுத்தம் குறையும், ஒலி சோர்ந்துவிடும். மூன்று ஊசிப் பிளக்கின் எர்த் உண்மையாகவே எர்த்தோடு சேர்ந்திருக்கிறதா என்று ஒரு முறை எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். கிட்டார் தந்திகள் அதே எர்த்தில்தான் இணைந்திருக்கின்றன. ஒற்றைச் சுருள் பிக்கப் கொண்ட கிட்டாரில் திடீரென்று கரகரப்பு வந்தால் ஆம்ப்பைச் சந்தேகிக்கும் முன் மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரைப் பாருங்கள். விசிறியை முழு வேகத்தில் வைத்தாலோ நிறுத்தினாலோ கரகரப்பு போய்விட்டால் குற்றவாளி அதுதான்.

திறன் குறைக்கும் சுவிட்ச் இல்லாத குறையை நான் எப்படிச் சமாளிக்கிறேன் என்று கேட்டால், ஏசி4-ஐ முழுதாகத் திருகுவதே இல்லை என்பதே விடை. வால்யூமைத் தாழ்வாக வைத்து, முன்னால் ஒலியை உறும வைக்கும் ஓவர்டிரைவ் பெடல் ஒன்றைப் போட்டுக்கொள்கிறேன். கடைசி வால்வு திணறும் ஒலி இதில் வராது. ஆனால் 12 அங்குல ஸ்பீக்கர் அசைக்கும் காற்று தாழ்ந்த சத்தத்திலும் கிடைக்கிறது, அதற்காகவே இதை வாங்கினேன். இரவு பதினொரு மணிக்கு மேல்தான் வாசிக்க நேரம் வாய்க்கும் என்பவர் என் பேச்சைக் கேட்க வேண்டாம். அவருக்கு ஹெட்ஃபோன் வழியே கேட்கும் வசதி முதல் தேவை. அந்த வசதி பியுகேராவிலும் பிளாக்ஸ்டாரிலும் இருக்கிறது, ஏசி4-இல் இல்லை. செலவைக் குறைக்க வேண்டும், அதேசமயம் எளிதில் கிடைக்கும் வால்வும் வேண்டும் என்றால் வி5 நியாயமான தேர்வு; பின்னாளில் ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டியைத் தனியே இணைத்தால் அதன் மெலிவும் தீரும். அப்போது ஓம் அளவு பொருந்துகிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கர் இணைக்காமல் எந்த வால்வு ஆம்ப்பையும் ஓடவிடாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும்.

பழையதாக வாங்குபவர்கள் ஆம்ப்பை ஓடவிட்டு, ஒவ்வொரு 12ஏஎக்ஸ்7-ஐயும் பென்சிலின் பின்முனையால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ஸ்பீக்கரில் மணிபோல ஒலித்தால் அந்த வால்வை மாற்ற வேண்டியிருக்கும்; அதை விலையில் கழித்துக்கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஆம்ப் என்றால் பின்பக்கத்து மின்னழுத்தக் குறிப்பையும் படியுங்கள். அமெரிக்காவில் விற்கப்பட்டது 120 வோல்ட்டுக்கானது; இங்கே நேராகச் செருகினால் ஃபியூஸ் முதலில் போகும், அது போகாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் போகும். அதற்கேற்ற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரின் விலையையும் எடையையும் சேர்த்துப் பார்த்தபின் மலிவாக வந்த அந்த ஆம்ப் பெரும்பாலும் மலிவாக இருப்பதில்லை.