ஃப்ளீட் மெயில் ஆபீஸ்: தெருப் பெயர் வேண்டாத முகவரி

என் வீட்டுக்காரர் கடற்படையில் பெட்டி ஆபீசர் (Petty Officer) என்ற ரேங்கில் இருக்கிறார். கப்பல் விசாகப்பட்டினத்தைச் சேர்ந்தது. நானும் இரண்டு பிள்ளைகளும் கோவில்பட்டியில் அத்தை, மாமாவோடு இருக்கிறோம். கப்பல் கிளம்பினால் எங்கே போகிறது, என்று திரும்பும் என்பதை அவர் சொல்லமாட்டார், நாங்களும் கேட்பதில்லை. 2019 டிசம்பரில் கப்பல்களில் ஸ்மார்ட்போனுக்குத் தடை வந்தது. அப்போதுதான் நான் கடிதம் எழுத ஆரம்பித்தேன்.

முகவரி ரொம்ப எளிது. பெயர், ரேங்க், நம்பர், கப்பல் பெயர். கீழே, மே/பா ஃப்ளீட் மெயில் ஆபீஸ், விசாகப்பட்டினம், பின்கோடு. அவ்வளவுதான். ஃப்ளீட் மெயில் ஆபீஸ் என்பது கடற்படைக் கப்பல்களுக்கான தபால் ஆபீஸ். கப்பல் எந்தக் கடலில் நின்றாலும் இந்த முகவரி மாறாது. மும்பை, கொச்சி கப்பல்களுக்கும் இதே மாதிரி அங்கே ஆபீஸ் உண்டு. ஊரில் ஒரு தபால் கவுண்டரில் மட்டும், "இதென்ன, தெரு, கதவு எண் எதுவும் இல்லையே" என்று கவரைத் திருப்பித் தந்தார்கள். பொறுமையாக விளக்கிச் சொன்னதும் வாங்கிக்கொண்டார்கள்.

வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். கப்பல் கரைக்கு வந்தால்தான் கடிதம் கைக்குப் போகும். ஒரு முறை ஐந்து கடிதம் ஒரே நாளில் கிடைத்ததாம். எது முதலில், எது பிறகு என்று தெரியாமல், பையனுக்குக் காய்ச்சல் விட்டது என்ற கடிதத்தைப் படித்த பிறகுதான் காய்ச்சல் வந்த கடிதத்தைப் பிரித்திருக்கிறார். அன்றிலிருந்து ஒவ்வொரு கடிதத்தின் மூலையிலும் வரிசை எண் போடுகிறேன். நீங்களும் போடுங்கள்.

நீல நிற இன்லேண்ட் லெட்டர் இரண்டரை ரூபாய். அதற்குள் வேறு எதையும் வைக்கக் கூடாது, அதனால் பிள்ளைகள் வரைந்ததை அனுப்ப ஐந்து ரூபாய் கவர்தான். போன வருஷம் இரண்டு பேர் பாதத்தையும் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பினேன். ஏதோ ஒரு துறைமுகத்தில் அந்தத் தாளைக் கடையில் வைத்து அளந்து அவர் செருப்பு வாங்கி வந்தார். மகளுக்குச் சரியாக இருந்தது. பையனுக்கு அதற்குள் கால் வளர்ந்துவிட்டது. இருந்தாலும் அப்பா வாங்கியது என்று குதிகால் வெளியே தெரிய இரண்டு மாதம் அதையே போட்டுக்கொண்டு திரிந்தான்.

இந்த முறை பாதம் வரையும்போது ஒரு விரல் அளவு கூட்டி வரைந்திருக்கிறேன். கடிதம் எண் 41.