பின்னலா, டிஸ்கோர்டா: வெப்பவியக்கவியலின் கணக்கில் எது செல்லும்?

கொழும்பில் பௌதிகவியல் பட்டப்படிப்பை மேற்கொள்ளும் தமிழ் மாணவர்களோடு உரையாடும்போது, குவாண்டம் இணைபு (இரு பொருட்களின் நிலைகள் ஒன்றோடொன்று தொடர்புபட்டிருத்தல், correlation) என்றாலே, தனித்தனி நிலைகளாகப் பிரித்து விபரிக்க முடியாத பின்னல்தான் (entanglement) என்ற எண்ணம் அவர்களிடம் ஆழமாக வேரூன்றியிருப்பதைக் காண்கிறேன். 2022 ஆம் ஆண்டின் நோபல் பரிசு ஆஸ்பே, கிளவுசர், சைலிங்கர் ஆகிய மூவருக்கும் பின்னற் சோதனைகளுக்காகவே வழங்கப்பட்டதால் இந்த எண்ணம் இயல்பானதே. ஆயினும் வெப்பத்திலிருந்து எவ்வளவு வேலையைப் பெறலாம் என்று கேட்கும்போது, 2001 இல் ஒலிவியேயும் சூரெக்கும் ஒருபுறமும், ஹென்டர்சனும் வெட்ரலும் மறுபுறமும் தனித்தனியே முன்வைத்த டிஸ்கோர்ட் (discord) என்னும் அளவே, அதாவது இணைபில் ஒரு பக்கத்தை மட்டும் அளந்து பெறமுடியாத பகுதியின் அளவே, பல இடங்களில் பொருத்தமான விடையைத் தருகிறது என்பது என் கருத்து.

முதலில் அலகை வரையறுத்துக்கொள்வோம். ஒரு பிற்றுத் (bit, ஆம் அல்லது இல்லை என்ற ஒரு விடை அளவு) தகவலை அழிப்பதற்குக் குறைந்தபட்ச வெப்பச் செலவு உண்டு என்று 1961 இல் லாண்டவர் காட்டினார். கொழும்பின் சராசரி வெப்பநிலைக்கு ஏறத்தாழ நிகரான 300 கெல்வினில் அது ஒரு யூலின் கோடி கோடி கோடியில் ஏறக்குறைய மூன்று பங்கு மட்டுமே. இதையே ஓர் அலகு எனக் கொள்வோம். மறுதலையாக, ஒரு பிற்றுத் தகவல் கையில் இருந்தால் வெப்பத்திலிருந்து ஓர் அலகு வேலை வரை பெறலாம்.

மேல், கீழ் என இரு அளவீட்டு விடைகளை மட்டும் தரும் இரண்டு தற்சுழற்சிகளை (spin) எடுத்துக்கொள்வோம். ஒன்று கொழும்பின் வெள்ளவத்தையிலும் மற்றையது மட்டக்குளியிலும் இருக்கட்டும். தனித்துப் பார்த்தால் இரண்டுமே முற்றிலும் ஒழுங்கற்றவை. ஒவ்வொன்றின் எந்திரப்பியும் (entropy, ஒழுங்கின்மையின் அளவு) ஒரு பிற்று. சாதாரண முறையில், அதாவது குவாண்டம் அல்லாத முறையில், இணைந்த சோடியாயின் இரண்டுக்கும் கூட்டாக இரண்டு பிற்றுக்குப் பதில் ஒரு பிற்று எந்திரப்பியே எஞ்சும். ஆகவே இணைபிலிருந்து ஓர் அலகு வேலை கிடைக்கும். உச்ச அளவில் பின்னிய சோடியாயின் கூட்டு எந்திரப்பி பூச்சியம். இரண்டையும் ஓரிடத்துக்குக் கொண்டுவந்து ஒன்றாகக் கையாள்பவருக்கு இரண்டு அலகுகள் கிடைக்கும். ஆனால் இரு இடங்களிலும் உள்ளவர்கள் தத்தம் தற்சுழற்சியை மட்டும் அளந்து, முடிவைத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டால் பின்னிய சோடியிலிருந்தும் ஓர் அலகுக்கு மேல் எடுக்க இயலாது. கைநழுவிய அந்த ஓர் அலகுதான் இச்சோடியின் டிஸ்கோர்ட். தகவலைக் கொண்டு வெப்பத்திலிருந்து வேலை ஈட்டும் கற்பனை உயிரான மக்ஸ்வெல்லின் பூதத்தைக் குவாண்டம் பூதமாகவும் சாதாரண பூதமாகவும் ஒப்பிட்டு, இரண்டும் ஈட்டும் வேலைகளின் வேறுபாட்டை டிஸ்கோர்டே அளக்கிறது என்று சூரெக் 2003 இல் நிறுவியதன் சாரமும் இதுவே.

உச்சப் பின்னலில் இரண்டு அளவுகளும் ஒரே விடையைத் தருவதால் வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. வேர்னர் நிலைகளுக்கு வந்தால் அது வெளிப்படுகிறது. பின்னிய சோடியோடு வெறும் இரைச்சலைக் கலந்து, பின்னிய பகுதியின் பங்கை மூன்றில் ஒன்றுக்கோ அதற்கும் கீழோ குறைத்தால் பின்னல் அடியோடு மறைந்துவிடும். டிஸ்கோர்டோ அந்தப் பங்கு பூச்சியமாகும் வரை தேய்ந்துகொண்டே நீடிக்கும். அறை வெப்பநிலை இரைச்சலில் இயங்கும் ஒரு தொகுதியைப் பற்றிக் கவலைப்படுபவருக்கு இது சிறிய வேறுபாடு அன்று.

அதற்காகப் பின்னலைத் தள்ளிவிட முடியாது. ஒரு நினைவகத்தை அழிக்கும்போது செலவுக்குப் பதிலாக வேலையே கிடைக்கக்கூடும் என்று டெல் ரியோவும் சக ஆய்வாளர்களும் 2011 இல் காட்டினர். அதற்கு ‘நிபந்தனை எந்திரப்பி’ (conditional entropy, கூட்டு எந்திரப்பியிலிருந்து ஒரு பகுதியின் எந்திரப்பியைக் கழித்தால் எஞ்சுவது) மறைப் பெறுமானம் பெறவேண்டும். பின்னல் இல்லாத எந்த நிலையிலும் அது நிகழாது. இங்கே டிஸ்கோர்ட் உதவாது. அதேவேளை பின்னல் இருந்தாலே போதும் என்றும் இல்லை. இரைச்சல் மிகுந்த பின்னிய நிலைகள் பலவற்றில் அந்த எந்திரப்பி நேர்ப் பெறுமானமாகவே இருக்கிறது.

2019 இல் வெளியான குளோரோபோம் சோதனையைப் பலர் பின்னலின் வெற்றியாகப் படிக்கிறார்கள். அதில் காபன்-13, ஐதரசன் கருக்களின் தற்சுழற்சிகளுக்கிடையே வெப்பம் குளிர்ந்ததிலிருந்து சூடானதற்குப் பாய்ந்தது. வெப்பம் தானாகச் சூடானதிலிருந்தே குளிர்ந்ததற்குப் பாயும் என்னும் வெப்பவியக்கவியலின் இரண்டாம் விதி அங்கே உடையவில்லை. தொடக்கத்தில் இணைபு இல்லை என்ற அவ்விதியின் வழக்கமான எடுகோளே அங்கே பொருந்தவில்லை. எதிர்த்திசை ஓட்டத்துக்கான விலையை, மொத்த இணைபை அளக்கும் பரஸ்பரத் தகவல் (mutual information) தேய்ந்து செலுத்தியது. எனவே அந்தச் சோதனையின் கணக்கில் முதலில் எழுதவேண்டியது மொத்த இணைபு, பின்னல் அன்று.

டிஸ்கோர்டின் குறைகளும் சிறியவை அல்ல. ஏறத்தாழ எல்லா நிலைகளிலும் அது ஓரளவு இருப்பதால் “டிஸ்கோர்ட் உண்டு” என்ற கூற்று தனியே எதையும் நிறுவாது, பெறுமானத்தையும் சொல்லவேண்டும். எந்தப் பக்கத்தை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து அப்பெறுமானம் மாறக்கூடும் என்பதால் வெள்ளவத்தையில் அளந்ததா, மட்டக்குளியில் அளந்ததா என்பதையும் சேர்த்தே குறிப்பிடவேண்டும்.