கார்டினாலும் வேலியமும்: ஒரே கதவில் இரண்டு கைவரிசை

பேச்சுவழக்கில் இரண்டுமே "தூக்க மாத்திரை"தான். கார்டினால் என்கிற பீனோபார்பிட்டால், 1912-இல் சந்தைக்கு வந்தது, பார்பிட்யூரேட் என்னும் பழைய மருந்து வகை. வேலியம் என்கிற டயசெபாம், 1963-இல் வந்தது, பென்சோடயசெபின் (சுருக்கமாக பென்சோ) என்னும் வகை. இரண்டும் போய்ச் சேருகிற இடம் நரம்பணுவின் மேலுள்ள காபா-ஏ ஏற்பி, அதாவது காபா என்னும் வேதிப்பொருள் வந்து ஒட்டுகிற புரதம்.

மூளை தன் துள்ளலைத் தானே அடக்க வைத்திருக்கும் சரக்கு காபா. அது ஏற்பியில் ஒட்டினால் நடுவிலுள்ள துளை சில மில்லிநொடிகள் திறக்கும், குளோரைடு அயனிகள் உள்ளே போகும், நரம்பணு அடங்கும். டயசெபாம் அந்தக் கதவை அடிக்கடி திறக்க வைக்கிறது. பீனோபார்பிட்டாலோ, திறந்த கதவைச் சீக்கிரம் மூட விடாது.

இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் உயிர் போவதும் பிழைப்பதும் இங்கேதான். காபா வராத இடத்தில் டயசெபாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். பார்பிட்யூரேட் அளவு மீறினால் காபாவுக்குக் காத்திருக்காது, தானே கதவைத் திறந்துவிடும். மூச்சை நடத்தும் மூளைத்தண்டும் சேர்ந்து அடங்கிப்போகும். 1962-இல் மர்லின் மன்றோவின் பிரேதப் பரிசோதனை சொன்ன காரணம் பார்பிட்யூரேட் நஞ்சுதான்.

முறிவு மருந்திலும் அப்படியே. பென்சோவுக்கு ஃப்ளூமசெனில் ஊசி உண்டு (பல மாதம் பழகியவருக்குப் போட்டால் அதுவே வலிப்பைக் கிளப்பலாம் என்பது வேறு விஷயம்). பார்பிட்யூரேட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. வென்டிலேட்டரில் வைத்து, மருந்து வடியக் காத்திருக்க வேண்டும். பீனோபார்பிட்டால் பாதி வடியவே மூன்று நான்கு நாள் ஆகும்.

சரி, பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் பென்சோதான் மேல். வலிப்புக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். நிற்காமல் ஓடும் வலிப்பை முதலில் நிறுத்த லோரசெபாம் அல்லது மிடசோலம் (இரண்டும் பென்சோதான்), அதில் சந்தேகமில்லை. ஆனால் டயசெபாமைத் தினமும் கொடுத்தால் உடம்பு பழகிப் பிடி தளர்ந்துவிடும். கார்டினால் மலிவு, ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும். பச்சைக்குழந்தைக்கு வலிப்பு என்றால் இன்றும் முதலில் தேடுவது அதைத்தான்.

வேலியம் பாதுகாப்பானது என்பதெல்லாம் அதைத் தனியாக விழுங்கும் வரைதான். கூடவே மது சேர்ந்தால், அதுவும் மூச்சை அமுக்கும் சரக்கு, கணக்கே மாறிவிடும். அப்புறம், மாதக்கணக்கில் சாப்பிட்டவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம். அந்த ஆபத்து இரண்டு மாத்திரைக்கும் பொது.