காற்று வரும் இடத்தில் காத்திருப்பது

அம்மாவுக்கு ஆஸ்துமா. மாதம் ஒருமுறை சமுதாய சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போகிறேன். பழைய கட்டடத்தில் டாக்டரைப் பார்ப்பதற்குள்ளேயே அவருக்கு இளைப்பு கூடிவிடும். ஜன்னலே இல்லாத நடைவழி. இருமுகிறவர், காய்ச்சல்காரர், கைக்குழந்தைக்காரி எல்லோரும் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருப்போம். புதுக் கட்டடம் திறந்து இரண்டு மழைக்காலம் பார்த்தாயிற்று. இங்கே தரும் மருத்துவத்தைப் பற்றி இல்லை, கட்டடத்தையும் தோட்டத்தையும் பற்றித்தான் எழுதுகிறேன்.

நடுவில் முற்றம், சுற்றிலும் அகலமான தாழ்வாரம். அங்கேதான் காத்திருக்கிறோம். ஒரு பக்கம் நுழைகிற காற்று மறுபக்கம் போய்விடுகிறது. அது வெளியேறும் ஓரத்தில் இருமல்காரர்களுக்குத் தனி இருக்கை. புறநோயாளிகள் இருக்கும் இடத்தில் ஆளுக்கு விநாடிக்கு 60 லிட்டர் காற்றோட்டம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. மூடிய அறையில் மின்விசிறி போட்டால் இது கிடைக்காது. உள்ளே இருக்கிற காற்றைத்தான் அது சுற்றிவிடும். போன முறை முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அம்மா இன்ஹேலரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

மேற்கு வெயிலைத் தடுத்த விதமும் நன்றாக இருக்கிறது. கழிப்பறை, சாமான் அறை, மாடிப்படி எல்லாவற்றையும் அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். சூட்டை அவை வாங்கிக்கொள்வதால் பரிசோதனை அறைகள் பிற்பகலிலும் தகிப்பதில்லை.

ரத்தம் எடுக்கும் அறையின் ஜன்னல் முற்றத்து மரத்தைப் பார்த்திருக்கிறது. ஊசி என்றாலே கையை இழுத்துக்கொள்ளும் அம்மா இப்போது இலையைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டுகிறார். பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில், செங்கல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்களைவிட மரம் தெரியும் ஜன்னலோரம் இருந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலிமருந்தும் குறைவாகவே கேட்டார்கள் என்று ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984இல் எழுதினார். அம்மாவைப் பார்த்த பிறகு எனக்கு அதை நம்புவது கஷ்டமாக இல்லை.

சரி, தோட்டத்துக்கு வருகிறேன். 100 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,000 லிட்டர் தண்ணீர். இங்கே அது தெருவுக்கு ஓடாமல், மணலும் ஜல்லியும் போட்ட பள்ளமான ஒரு பாத்தியில் இறங்குகிறது. கொசு வருமே என்று பயந்தேன். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரமாவது வேண்டும். இந்தப் பாத்தியோ ஒரே நாளில் வடிந்துவிடுகிறது. பெருமழைக்கு மறுநாள் நானே போய்க் குனிந்து பார்த்தேன், ஈரம்தான் இருந்தது. அடிக்கடி தண்ணீர் கேட்கும் புல்தரை எங்கும் இல்லை. அரளியும் வைக்கவில்லை. பூ அழகுதான், ஆனால் செடி முழுக்க விஷம். குழந்தைகள் வந்துபோகும் இடத்தில் அதைத் தவிர்த்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

குறைகளும் உண்டு. தோட்டப் பாதையில் முதலில் கூழாங்கல் கொட்டியிருந்தார்கள். வாசலில் ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளமாகச் சாய்தளம் போட்டவர்கள், பத்தடி தள்ளி இப்படிச் செய்தது எனக்குப் புரியவே இல்லை. ஒரு பெரியவரின் சக்கர நாற்காலி அதில் புதைந்து நின்றபோது மூன்று பேர் சேர்ந்து தூக்கினோம். எழுதிக் கொடுத்தோம். நான்கு மாதம் கழித்து, இடைவெளியில் தண்ணீர் இறங்கும் சிமெண்ட் கட்டைகள் பதித்தார்கள். இப்போது சக்கரம் தடையில்லாமல் போகிறது.

அப்புறம், மரத்தடி பெஞ்சுகளுக்குக் கைப்பிடியும் இல்லை, முதுகுச் சாய்வும் இல்லை. முழங்கால் வலிக்காரர் உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். சாரல் அடிக்கும்போது தாழ்வாரத்தின் ஒரு பக்கம் நனைந்து தரை வழுக்குகிறது. கூரையை இன்னும் இரண்டடி வெளியே நீட்டியிருக்கலாம். இப்போதைக்கு ஒரு மூங்கில் தட்டியாவது கட்டலாம். இரண்டையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அடுத்த மழைக்கு முன்னால் தட்டி வந்துவிட்டால் இங்கேயே சேர்த்து எழுதுகிறேன்.