புரோட்டோடைப்பா, அர்பன் கான்செப்டா?

ஷெல் எகோ மாரத்தான் என்பது மிகக் குறைந்த ஆற்றலில் அதிகத் தூரம் ஓடும் காருக்கான மாணவர் போட்டி. அதற்குக் கார் கட்டக் கிளம்பும் அணியில் முதல் சண்டை பெரும்பாலும் எஞ்சினைப் பற்றி அல்ல. புரோட்டோடைப், அர்பன் கான்செப்ட் என்ற இரண்டு பிரிவுகளில் எதில் இறங்குவது என்பதைப் பற்றித்தான்.

வடிவம்
புரோட்டோடைப்: நீர்த்துளி போன்ற ஓடு, பெரும்பாலும் மூன்று சக்கரங்கள். ஓட்டுநர் கிட்டத்தட்டப் படுத்தபடியே ஓட்டுவார்.
அர்பன் கான்செப்ட்: நான்கு சக்கரங்கள், நிமிர்ந்த இருக்கை, முகப்பு விளக்கு, வைப்பர். சாலைக் காரின் சாயல்.

சிக்கனம்
புரோட்டோடைப்: எஞ்சினைச் சில நொடிகள் இயக்கி வேகம் பிடித்து, அணைத்துவிட்டு உருளவிடலாம். இப்படி ஓடும்போது டயரின் உருளல் தடையும் பேரிங்கின் உராய்வும்தான் பெரிய எதிரிகள். ஒரு பிரேக் பேட் லேசாக உரசினாலே கணக்கு கெட்டுவிடும். சுவிட்சர்லாந்தின் சூரிச் இ.டி.எச். தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய பாக்-கார் 2 என்ற ஹைட்ரஜன் கார், 2005-இல் 1 லிட்டர் பெட்ரோலுக்கு நிகரான ஆற்றலில் 5,385 கிலோமீட்டர் என்ற அளவை எட்டியது.
அர்பன் கான்செப்ட்: ஓட்டத்தின் நடுவே நின்று மீண்டும் புறப்பட வேண்டும். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் சேர்த்த இயக்க ஆற்றல் பிரேக்கில் வெப்பமாகிப் போகிறது. எனவே எடையும் கிளட்சும் கியர் விகிதமும் இங்கே கூடுதலாகப் பேசும்.

செலவும் உழைப்பும்
புரோட்டோடைப்: பாகங்கள் குறைவு.
அர்பன் கான்செப்ட்: கதவு, விளக்கு, வயரிங் என்று பட்டியல் நீளும்; போட்டிக்கு முந்தைய தொழில்நுட்பப் பரிசோதனையில் தவறவும் இடம் அதிகம்.

முதன்முறை வரும் சிறு அணிக்கு என் ஓட்டு புரோட்டோடைப்புக்கே. ஆட்பலமும் இரண்டு ஆண்டு அவகாசமும் உள்ளவர்கள், பின்னாளில் வாகனத் துறைக்குப் போக நினைப்பவர்கள், அர்பன் கான்செப்டில் கை வைக்கலாம்.